பி.ஆர். விண்ணப்பத்துக்கு முன் எழுத வேண்டிய பேரேடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் படிப்பை முடித்து மூன்று நான்கு ஆண்டுகள் வேலை பார்த்ததும், "எனக்கு வெளிநாட்டில் பி.ஆர். கிடைக்குமா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அப்படிக் கேட்டால் யாராலும் நேரான பதில் சொல்ல முடியாது. "இன்றைய தேதியில் என் கணக்கில் எத்தனை புள்ளி இருக்கிறது, அதில் எதை எவ்வளவு காலத்தில் கூட்ட முடியும்?" என்று கேட்டால், ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் பதிலைக் கண்டுவிடலாம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை முதன்முதலாக இதைப் படிப்பவருக்கும் புரியும்படி இங்கே விளக்குகிறேன்.

பி.ஆர். என்பது நிரந்தர வசிப்புரிமை. 'குடியுரிமை வாங்கிவிட்டான்' என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் இரண்டும் வேறு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருப்பார். அந்த நாட்டில் கால வரம்பின்றித் தங்கலாம், விரும்பிய வேலையைப் பார்க்கலாம், ஆனால் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாக்களிக்க முடியாது. கனடாவில் அந்த உரிமையைக் காத்துக்கொள்ள ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாட்கள் அங்கே வசித்திருக்க வேண்டும். 1095 நாட்கள் வசித்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

திறன்பணியாளரை எல்லா நாடுகளும் ஒரே முறையில் தேர்ந்தெடுப்பதில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் புள்ளி அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு நெடுநாள் பழக்கமான சிங்கப்பூரில் அப்படி இல்லை. அங்கே முதலில் வேலை அனுமதியோடு போய், பிறகு பி.ஆர். கேட்க வேண்டும், அதற்கென வெளியிடப்பட்ட புள்ளி அட்டவணை எதுவும் கிடையாது. ஜெர்மனியிலும் முதலில் வேலை, பிறகு சில ஆண்டுகள் கழித்து நிரந்தர உரிமை என்பதுதான் வரிசை. கணக்கு முழுவதையும் வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்க முடிவதால் கனடாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கணக்கு எழுதுவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடை வைத்த நகரத்தாரிடம் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர்கள் கணக்கெழுதப் பழகித்தான் அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தார்கள். பேரேட்டில் ஏறாத தொகை, எவ்வளவு பெரியதானாலும், ஐந்தொகையில் வராது. குடிவரவு அதிகாரியின் மேசையிலும் இதே விதிதான் நடக்கிறது. அவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று மேலதிகாரி சொல்வதைக் கேட்பதும் இல்லை. கோப்பில் எந்தத் தகுதிக்குச் சான்று இருக்கிறதோ அதற்கு மட்டுமே புள்ளி தருகிறார். ஆகவே சுயவிவரத்தை வலுப்படுத்துவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: இல்லாத தகுதியை ஈட்டுவது, ஏற்கெனவே இருக்கும் தகுதிக்குச் சான்று சேர்ப்பது. பலரும் முதல் வேலைக்கே ஓடுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவது வேலைதான் அதிகம் பேரைக் கைவிட்டுவிடுகிறது.

கனடா 2015 ஜனவரியில் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற முறையைத் தொடங்கியது. தகுதியுள்ளவர்கள் இணையவழியில் சுயவிவரம் பதிந்து ஒரு பொதுத் தொகுப்பில் சேர்கிறார்கள். அவ்வப்போது நடக்கும் சுற்றுகளில், புள்ளி கூடியவர்களுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வருகிறது. இந்தியாவிலிருந்தபடியே விண்ணப்பிக்கும் பட்டதாரிகள் பெரும்பாலும் கூட்டாட்சித் திறன்பணியாளர் திட்டத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கும். இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் உள்ளன. முதலாவது வாசற்படிக் கணக்கு: 100-க்கு 67 எடுத்தால்தான் தொகுப்புக்குள் நுழையலாம். இரண்டாவது, உள்ளே நுழைந்தவர்களை வரிசைப்படுத்தும் தரவரிசைக் கணக்கு. அதன் உச்சம் 1200. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வயது 29, திருமணமாகவில்லை, நான்காண்டு பொறியியல் பட்டம், ஒரு தொழிற்சாலையில் மூன்றாண்டு இயந்திரவியல் பொறியாளர் வேலை. வாசற்படிக் கணக்கில் இவருடைய பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 11, வயதுக்கு 12, ஆகக் கூடி 44. எஞ்சியது மொழி. ஆங்கிலத் திறனைக் கனடா 'சி.எல்.பி.' என்ற படிநிலையால் அளக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 வாங்கியவர் சி.எல்.பி. 7-இல் இருக்கிறார்; கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கியவர் சி.எல்.பி. 9-ஐ எட்டுகிறார். நம் பொறியாளர் 7-ஆம் படியில் நின்றால் மொழிக்கு 16 கிடைத்து மொத்தம் 60 ஆகிறது. 8-ஆம் படியில் 64. 9-ஆம் படியில் 68. அதாவது கனடாவில் உறவினர் போன்ற வேறு எந்தக் கூடுதல் ஆதாரமும் இல்லாத இவர், 'எல்லாவற்றிலும் ஆறு வாங்கிவிட்டேன்' என்ற நிறைவோடு நின்றால் தொகுப்புக்குள்ளேயே போக முடியாது.

இனி தரவரிசைக் கணக்கு. வயது 29-க்கு 110, இளநிலைப் பட்டத்துக்கு 120, சி.எல்.பி. 9-க்கு ஒவ்வொரு பகுதிக்கும் 31 வீதம் 124. இதற்கு மேல் 'திறன் இடமாற்றப் புள்ளி' என்று ஒன்று உண்டு. படிப்பும் அனுபவமும் நல்ல ஆங்கிலத்தோடு சேரும்போது தரப்படுவது இது. நான்கு பகுதியிலும் 9-ஆம் படி என்றால் பட்டத்துக்கு 25, மூன்றாண்டு அயல்நாட்டு (அதாவது கனடாவுக்கு வெளியே பெற்ற) அனுபவத்துக்கு 50. மொத்தம் 429. இதே இளைஞர் எழுதுதலில் மட்டும் 7-க்குப் பதில் 6.5 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பகுதிக்கு நேரடியாகக் குறைவது 8 புள்ளிதான். ஆனால் நான்கிலும் 9 என்ற நிபந்தனை உடைந்துவிடுவதால் இடமாற்றப் புள்ளி 75-இலிருந்து 38-ஆக இறங்கி, மொத்தம் 384-இல் வந்து நிற்கிறது. எழுதுதலில் அரை மதிப்பெண் குறைந்ததற்கு 45 புள்ளி இழப்பு. மொழி மற்ற தகுதிகளோடு சேர்ந்து இரண்டு இடங்களில் எண்ணப்படுகிறது என்பதை இந்த ஒரு கணக்கிலிருந்தே உணரலாம். முதல் ஆறு மாத உழைப்பை முழுவதும் ஆங்கிலத்தில் போடுங்கள் என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

பேச்சுக்கும் கேட்டலுக்கும் எல்லோரும் பயிற்சி எடுக்கிறார்கள். எழுதுதலில்தான் சறுக்குகிறார்கள். பொதுப் பயிற்சித் தேர்வில் 150 சொற்களில் ஒரு கடிதமும் 250 சொற்களில் ஒரு கட்டுரையும் கேட்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் மனப்பாடமாக எழுதிப் பழகிய கை, சொந்தக் கருத்தை ஒழுங்குபடுத்தி எழுத வேண்டிய இடத்தில் தடுமாறுவது இயல்பே. வாரம் மூன்று முறை எழுதி, பிழை திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்குவதற்கு ஈடான குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், மற்ற ஆவணங்கள் ஓரளவு கைக்கு வந்த பிறகு தேர்வெழுதுவது நல்லது.

வயதை யாராலும் பிடித்துவைக்க முடியாது. 20 முதல் 29 வரை 110, 30-இல் 105, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் எதுவும் இல்லை. ஆகவே 'மேலே படித்துவிட்டுப் போகிறேன்' என்பவர் அந்தப் படிப்பின் ஆதாயத்திலிருந்து வயது இழப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும். நம் பொறியாளர் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் படித்து 31 வயதில் வந்தால் அவர் கணக்கு 458. ஓராண்டு முதுநிலைப் பட்டயம் ஒன்றைச் சேர்த்து 30 வயதில் வந்தால் 457. ஓராண்டு கூடுதலாகப் படித்தும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்! முதுநிலைப் படிப்பு அறிவுக்காகப் படிக்கத் தக்கதே. புள்ளிக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். எந்தப் படிப்பானாலும், டபிள்யூ.இ.எஸ். போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் அதைக் கனடாவின் படிப்புக்கு இணையென்று மதிப்பிட்டுச் சான்று தந்தால்தான் கணக்கில் ஏறும். அந்தச் சான்று ஐந்து ஆண்டுகள் செல்லும். மதிப்பெண் ஆவணங்களைப் பொதுவாகப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகப் பட்டம் என்றால் வேலை உள்ளூரிலேயே முடியும். காரைக்குடியில் பொறியியல் படித்திருந்தாலும் பட்டம் தந்தது அண்ணா பல்கலைக்கழகம் என்றால் சென்னைக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குச் சில மாதங்களை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

429, 458 என்ற எண்கள் போதுமா என்று கேட்டால், பொதுச் சுற்றுகளுக்குப் போதாது என்றே சொல்ல வேண்டும். 2024-இல் பொதுச் சுற்றுகளின் வெட்டுப் புள்ளி 500-க்கு மேலேயே இருந்தது. இந்த இடைவெளியைத் தாண்ட நேர்மையான வழிகள் சில உண்டு. மாகாண அரசு ஒன்று தன் தேவைக்காக உங்களை முன்மொழிந்தால் 600 புள்ளி சேர்கிறது. அதன் பிறகு அழைப்பு ஏறக்குறைய உறுதி. 2023 முதல் மருத்துவப் பணி, கைத்தொழில் போன்ற துறைகளுக்கும் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2024 பிப்ரவரி இறுதியில் நடந்த பிரெஞ்சுச் சுற்றில் வெட்டுப் புள்ளி 336-ஆக இருந்தது. நம் பொறியாளர் பிரெஞ்சில் நான்கு பகுதியிலும் 7-ஆம் படியை எட்டினால் இரண்டாம் மொழிக்கு 12, கூடுதலாக 50, ஆக 62 புள்ளி பெற்று 491-ஐ அடைகிறார். பிரெஞ்சுச் சுற்றிலும் இடம்பெறுகிறார். புதுச்சேரியிலும் சென்னையிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அல்லியான்ஸ் பிரான்சேஸ் மையம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. ஆயினும் அதே காலத்தில் வேறெந்த முயற்சியும் இவ்வளவு புள்ளி தருவதாக எனக்குத் தெரியவில்லை. மாறாக, வேலைவாய்ப்புக் கடிதத்துக்குத் தரப்பட்டுவந்த தரவரிசைப் புள்ளிகளைக் கனடா 2025 மார்ச் 25-ஆம் நாள் நீக்கிவிட்டது. இன்னமும் 'புள்ளிக்காக ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனி வேலை அனுபவத்துக்கு வருவோம். செட்டிநாட்டுப் பகுதி இளைஞர்களின் கோப்புகள் மிகவும் மெலிந்திருப்பது இந்த இடத்தில்தான். கனடா எல்லாத் தொழில்களையும் எண்ணிட்டு 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 0 முதல் 3 வரையிலான நிலைகளே செல்லும். எந்த நிலை என்பதை உங்கள் பதவியின் பெயர் தீர்மானிப்பதில்லை, நாள்தோறும் செய்யும் வேலை தீர்மானிக்கிறது. ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருப்பவர் பில் பதிவதையும் ரசீது சரிபார்ப்பதையும் மட்டும் செய்தால் அவர் கணக்கு எழுத்தர், 4-ஆம் நிலை. அந்த அனுபவம் இங்கே செல்லாது. அவரே பேரேட்டை முழுவதும் பராமரித்து, இருப்பாய்வு எடுத்து, வரிக் கணக்குக்கான அறிக்கைகளைத் தயாரித்தால் 2-ஆம் நிலை. சமையலறையில் காய் நறுக்கித் துணைநிற்பவர் 5-ஆம் நிலையிலும், சமையற்காரர் 3-ஆம் நிலையிலும், உணவுப் பட்டியலைத் திட்டமிட்டு மற்றவர்களை நடத்தும் தலைமைச் சமையற்கலைஞர் 2-ஆம் நிலையிலும் வருகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளில் நியமனக் கடிதத்தோடு நான்கு ஆண்டு சமைத்தவருக்கு அனுபவம் எழுத்தில் இருக்கிறது. கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்குப் பந்தி நடத்தப் பதினைந்து ஆண்டாகச் சமைத்துவரும் கைதேர்ந்த மாஸ்டரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. இருவரில் யார் கை பெரிது என்பது ஊருக்கே தெரியும். கோப்பில் அது ஏறுவதில்லை என்பது என்னை வருத்தும் விஷயம்.

அனுபவச் சான்று என்றால் 'இவர் நல்லவர், நேர்மையானவர், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் பணியாற்றினார்' என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. நிறுவனத்தின் கடிதத்தாளில், பதவி, பணிக்காலம், செய்த வேலைகளின் விவரம், வார வேலை நேரம், ஆண்டுச் சம்பளமும் பிற சலுகைகளும் எழுதப்பட்டு, பொறுப்பானவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வேலை விவரத்தை அரசின் தொழில் அட்டவணையிலிருந்து வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் அதிகாரிக்கு ஐயம்தான் வரும். உங்கள் பட்டறையில், உங்கள் இயந்திரத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறதென்றால் அடுத்த மாதம் முதலே வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, வருமான வரிப் படிவம் 16 ஆகியவை கடிதத்துக்குத் தூண்கள். வேலையை விட்டு நீங்கும் அன்றே கடிதத்தை வாங்கிவிட வேண்டும்; ஐந்தாண்டு கழித்துப் போனால் முதலாளி மாறியிருப்பார், கடையே மூடியிருக்கும்.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தமிழர்களுக்கே உரிய தொல்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, பட்டத்தில் இரண்டு, கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக, வங்கியில் வேறு விதம் என்று இருந்தால், நான்கு ஆவணங்களும் ஒரே ஆளுடையவையா என்ற கேள்வி எழும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து, மாற்றக்கூடியவற்றை மாற்றி, மாற்ற முடியாதவற்றுக்கு 'இருவரும் ஒருவரே' என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமானவரைத்தான் ஒரு புள்ளி என்று நகரத்தார் கோவில் கணக்கில் எண்ணும் வழக்கம் உண்டு. கனடாவின் கணக்கிலும் கல்யாணம் எண்ணை மாற்றுகிறது. துணைவர் உடன் வந்தால் முதன்மை விண்ணப்பதாரரின் வயது, படிப்பு, மொழிப் புள்ளிகள் சற்றுக் குறைந்து, துணைவரின் படிப்புக்கும் மொழிக்கும் கனடா அனுபவத்துக்குமாக 40 வரை தனியே சேரும். கணவர்தான் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. மனைவி வயதில் இளையவராகவும் முதுநிலைப் பட்டதாரியாகவும் ஆங்கிலத்தில் தேர்ந்தவராகவும் இருந்தும், பழக்கத்தால் கணவர் பெயரில் பதிந்து முப்பது நாற்பது புள்ளியை இழக்கும் குடும்பங்கள் உண்டு. பதியும் முன் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பணச் சான்றில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆச்சியின் வைர நகையும், பங்காளிகள் பலருக்கும் பாத்தியப்பட்ட பெரிய வீட்டில் உள்ள பங்கும் மதிப்புள்ளவைதாம். ஆனால் குடியேறியவுடன் செலவுக்கு எடுக்கக்கூடிய பணத்தையே கனடா கேட்கிறது. வங்கி இருப்பு, வைப்புத்தொகை போன்றவை செல்லும். வீட்டின் மதிப்பு செல்லாது, கடன் வாங்கிய பணமும் செல்லாது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பையும் காட்ட வேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் ஒரு பெருந்தொகை வந்து விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கணக்கு சற்றே வேறு. குறைந்தது 65 புள்ளி வேண்டும். 25 முதல் 32 வயது வரை முழுமையாக 30 புள்ளி. 45 ஆகிவிட்டால் வாய்ப்பில்லை. விண்ணப்பத்துக்கு முன்பே உங்கள் தொழிலுக்குரிய அமைப்பிடம் திறன் மதிப்பீடு பெற்றாக வேண்டும். கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்று அமைப்புகள் தனித்தனி. அங்கே தமிழருக்கென ஒரு வாய்ப்பு இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதிச் சான்று தரும் 'நாட்டி' என்ற அமைப்பு நடத்தும் சமூகமொழித் தேர்வில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உரையாடலை மொழிபெயர்த்துக் காட்டித் தேறினால் 5 புள்ளி. வீட்டில் நல்ல தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது மிகவும் கைக்கெட்டும் புள்ளி. அதற்கு மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் சார்ந்த தமிழ்ச் சொற்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

ஏஜென்சியை நாடாமலேயே யார் வேண்டுமானாலும் தாமே விண்ணப்பிக்கலாம். உதவி தேவைப்பட்டால், கனடாவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் உரிமை அங்கு உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்றோருக்கே உண்டு. உரிம எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். இல்லாத அனுபவத்துக்குக் கடிதம் தயாரித்துத் தருகிறேன் என்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதிக்கிறது; 29 வயதில் தடைபட்டவர் 34-இல் மீண்டு வரும்போது வயதுப் புள்ளியில் மட்டும் 27-ஐ இழந்திருப்பார்.

அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க 60 நாட்களே தருகிறார்கள். கடந்த பத்தாண்டுகளில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல் துறைச் சான்று வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று ஓரிரு ஆண்டு வேலைபார்த்துத் திரும்பியவர்கள் நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த 60 நாட்களில் இதுதான் கடைசியில் வந்து சேரும் காகிதம். அங்கிருந்து புறப்படும் முன்பே, ஊர் திரும்பிய பிறகு எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், கைரேகையை எங்கே எடுத்து அனுப்ப வேண்டும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்நாட்டு வேலை அனுமதி அட்டையின் நகலையும் பழைய கடவுச்சீட்டையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.